கோரைக்குக் கத்தரிக்கோல் வேண்டாம்

பிப்ரவரிக் கடைசியில், லண்டனின் தெற்குப் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் பச்சை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கும். ஹோஸ்டாச் செடிகள் மண்ணுக்குள் மறைந்திருக்கும். பெரணிகள் பழுப்பாகச் சரிந்து கிடக்கும். புல்தரை முழுவதும் பாசி ஏறியிருக்கும். அந்த நாள்களில் சமையலறைச் சன்னல் திரையை விலக்கினால் முதலில் கண்ணில் படுவது, வேலிக்கும் சுவருக்கும் இடையே 5 மீட்டர் நீளத்துக்கு ஓடும் ஒடுங்கிய பாத்தியில், நடுவில் வெண்மஞ்சள் கோடும் இரு ஓரங்களில் கரும்பச்சையுமாக, எண்ணெய் தேய்த்து வாரிவிட்ட தலைமுடிபோல நாலாபுறமும் வழிந்து நிற்கும் கோரைத் தூர்கள்தாம். பனி உறைந்த காலையில் ஒவ்வோர் இலையின் விளிம்பிலும் வெள்ளை படிந்திருக்கும். பத்து மணிக்கு அது உருகியதும் ஒன்றும் நடவாததுபோல இலைகள் மறுபடி பளபளக்கும். பத்து ஆண்டுகளாக இதைப் பார்த்துவருகிறேன். இன்னும் அலுக்கவில்லை.

எங்கள் தோட்டத்திலேயே மோசமான இடம் அந்தப் பாத்தி. வடக்குப் பார்த்தது, அக்டோபர் நடுவில் வீட்டின் நிழலுக்குள் போனால் மார்ச் வரை வெயிலைக் காணாது. மண்ணோ லண்டனுக்கே உரிய கனத்த களிமண். குளிர்காலம் முழுவதும் காலணியைப் பிடித்து இழுக்கும் சேறாகக் கிடந்து, ஜூலையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிடும். 2014இல் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அங்கே லாவெண்டர் நட்டேன். முதல் குளிர்காலத்திலேயே வேர் அழுகிப்போயிற்று. புல் விதைத்தேன், பாசிதான் வளர்ந்தது. அடுத்த வசந்தத்தில், 9 சென்டிமீட்டர் தொட்டிகளில் விற்றுக்கொண்டிருந்த ‘எவர்கோல்ட்’ கோரைக் கன்றுகள் மூன்றை, பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல் வாங்கிவந்து வைத்தேன். இன்று அங்கே நிற்கும் 19 தூர்களும் அந்த மூன்று கன்றுகளிலிருந்து பிரித்தவை.

2017 கோடையில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். வந்த மறுநாள் காலையில் காப்பித் தம்ளரோடு கொல்லைக்குப் போனவர், பாத்தியின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “ஏல, நாங்க வயல்ல புடுங்கிப் புடுங்கித் தூரப் போடுத கோரைய, நீ காசு குடுத்தா வாங்கி வச்சிருக்க?” என்றார். தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவருக்கு அது நியாயமான கேள்வி. நெல்வயலிலும் தோட்டத்திலும் கோரை என்றால் களைகளிலேயே பொல்லாதது. மேலே எத்தனை முறை பிடுங்கினாலும் அடியில் கிழங்கு தங்கி, நான்காம் நாள் மறுபடி முளைத்து நிற்கும். இந்தக் கோரைக்குக் கிழங்கு கிடையாது, நட்ட இடத்திலேயே தூர் கட்டி நிற்கும் என்று சொல்லிவிட்டு, பூத்து முடிந்த தண்டு ஒன்றைக் கிள்ளி அவர் கையில் கொடுத்து, “உருட்டிப் பாரும்மா” என்றேன். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். தண்டு வழுக்கி உருளவில்லை; தடக் தடக் என்று திரும்பியது. “மூணு பட்டைல்லா இருக்கு. பாய்க்கோரை மாதிரியேதான்” என்று சொல்லி அதைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பத்தமடையில் ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, கீறி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி மெல்லியதாகக் கீறிப் பாய் நெய்வதை அறிந்தவர்களுக்கு இந்த மூன்று பட்டைத் தண்டு புதிதன்று. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பாய்க்கு மூலமான கோரை, சைப்பரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. வயலில் நாம் சபிக்கும் கோரைக்கிழங்கும் அதுவே. எகிப்தியர் எழுதுவதற்குப் பயன்படுத்திய பாப்பிரஸும் அதுவே. என் பாத்தியில் இருப்பவை அதே குடும்பத்தின் இன்னொரு கிளையான கேரெக்ஸ். ஏறத்தாழ 2,000 இனங்களைக் கொண்ட இது, பூக்கும் தாவரங்களிலேயே மிகப் பெரிய பேரினங்களுள் ஒன்று. சைப்பரஸுக்கு வெப்பநாடுகள் சொந்த வீடு என்றால், கேரெக்ஸுக்குக் குளிர்நாடுகளும் உயர்ந்த மலைகளும்.

புல்லையும் கோரையையும் ஒன்றாகப் பாவிப்பதுதான் இங்குள்ள தோட்டக்காரர்கள் செய்யும் முதல் பிழை. நானும் அதைச் செய்தேன். கடைகளில் இரண்டையும் ‘அழகுப் புற்கள்’ என்று ஒரே மேசையில் அடுக்கி விற்பதும் இதற்கு ஒரு காரணம். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டை, உள்ளே கூடு, இடையிடையே கணு. இலைகள் இரண்டு வரிசையில் வரும். கோரையின் தண்டு பெரும்பாலும் மூன்று பட்டை, உள்ளே திண்மை. இலைகள் மூன்று வரிசையில் வரும். இது தாவரவியல் மாணவர்களுக்கு மட்டும் வேண்டிய நுணுக்கம் என்று நினைத்திருந்தேன். ஆனால் தோட்டத்துக் குளிரைத் தாங்கும் பெரிய அழகுப் புற்களில் பலவும், குளிர்காலத்தில் இலையைக் காயவிட்டுத் தூருக்குள் ஒடுங்கிக்கொள்பவை. அவற்றைப் பிப்ரவரியில் தரையோடு அறுத்தால் ஏப்ரலில் புதிதாய்த் துளிர்த்துவிடும். இலையுதிராக் கோரையோ போன ஆண்டு இலையைக் கைவிடுவதில்லை. புதுக் குருத்து எழும் வரைக்கும் அந்தப் பழைய இலைதான் அதற்குச் சோறு போடுகிறது. அதை அறுத்தால் சமைக்கிற அடுப்பையே அணைத்ததாகிவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது 2018 மார்ச்சில். நியூசிலாந்திலிருந்து வந்த கேரெக்ஸ் கோமன்ஸ் என்னும் செம்பழுப்புக் கோரை ஐந்தை, வெயில் படும் வாசல்பக்கப் பாத்தியில் வைத்திருந்தேன். பிறப்பிலேயே அவற்றின் நிறம் காய்ந்த வைக்கோலுக்கும் செம்புக்கும் நடுவில் இருக்கும். வழியில் போகிறவர்கள் செத்துவிட்டதா என்று கேட்பார்கள். குளிர்காலம் முடிந்ததும் அவற்றுக்குள் நிஜமாகவே காய்ந்த இலைகள் கலந்து கலைந்து தெரிந்தன. பக்கத்திலிருந்த மிஸ்காந்தஸ் புல்லை அறுத்த கையோடு, அதே கத்தரிக்கோலால் ஐந்தையும் நான்கு விரல் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். மிஸ்காந்தஸ் மே மாதம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. கோரைகளில் இரண்டு மட்டும் ஓரத்தில் சில மெல்லிய இழைகளை நீட்டின. மூன்று அப்படியே துடைப்பக்கட்டையின் அடிபோல நின்று மட்கிப்போயின. மிஞ்சிய இரண்டும் பழைய உருவத்துக்கு வர இரண்டு கோடைகள் ஆயின. அன்றிலிருந்து எந்த இலையுதிராக் கோரைக்கும் நான் கத்தரிக்கோலை எடுத்ததில்லை. பனியில் கருகிய நுனியை மட்டும் வேண்டுமானால் ஒட்ட நறுக்குவேன்.

வெட்டுவதற்குப் பதிலாகச் சீவிவிட வேண்டும். உள்ளங்கையில் ரப்பர் பூசிய தடித்த கையுறையை மாட்டிக்கொள்கிறேன். கேரெக்ஸ் இலைகள் பலவற்றின் விளிம்பும் மிக நுண்ணிய ரம்பம்போல இருக்கும், வெறுங்கையால் இழுத்தால் விரலைக் கீறிவிடும். தூரின் அடியில் விரல்களை அகல விரித்து நுழைத்து, குழந்தைக்குத் தலை வாருவதுபோல மெதுவாக மேல்நோக்கி இழுத்துக்கொண்டு வந்தால், உயிருள்ள இலை நழுவி நின்றுவிடும். காய்ந்தது ரப்பரில் ஒட்டிக்கொண்டு தானே கழன்று வரும். ஒரு தூருக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் இந்த வேலையை மார்ச் கடைசிக்கு முன் தொடங்குவதில்லை. ஓர் ஆண்டு அவசரப்பட்டுப் பிப்ரவரியிலேயே கையை விட்டபோது, தூரின் நடுவில் ஏழு புள்ளிப் பொறிவண்டுகள் பத்துப் பன்னிரண்டு ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அப்படியே மூடிவிட்டு வந்தேன். மே மாதம் ரோஜாவில் ஏறும் அசுவினியைத் தின்னப்போவது அவைதாமே.

தூர் பிரிப்பதில் நெல் நாற்று நடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாதி வேலை முன்னமே தெரியும். மீதிப் பாதியில்தான் தவறுவார்கள். காலம் முக்கியம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலைக்குள், மண் சூடேறி வேர் ஓடும் பருவத்தில்தான் இலையுதிராக் கோரையைப் பிரிக்க வேண்டும். 2019 அக்டோபரில், மழை பெய்து மண் இளகியிருக்கிறதே என்று பிரித்தேன். 11 துண்டுகளில் 4 அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அறுபட்ட வேர் ஆறுவதற்குள் மண் குளிர்ந்து ஈரம் கட்டிக்கொண்டால் அழுகல்தான் முந்திக்கொள்கிறது. இப்போதெல்லாம் மே முதல் வாரத்தில், முதல் நாள் மாலை நன்றாக நீர் விட்டு, மறுநாள் முள்மண்வெட்டியால் தூரைச் சுற்றிலும் நெம்பி எடுக்கிறேன். நான்கைந்து வயதான தூரின் அடிப்பகுதி தேங்காய் நாரைப் போலப் பின்னிக் கிடக்கும். கையால் பிய்த்தால் வராது. ரொட்டி அறுக்கும் பழைய பல்கத்தி ஒன்றை இதற்கென்றே கொட்டகையில் வைத்திருக்கிறேன். தூரை மல்லாத்திப் போட்டு, வேர்ப்பக்கத்திலிருந்து இரண்டாக, பிறகு நான்காக அறுக்க வேண்டும். நடுவில் காய்ந்து மரத்துப்போன பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓரத்துத் துடிப்பான பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நாற்றுமுடியை உதிர்ப்பதுபோல ஒற்றை ஒற்றைக் கிளைப்பாகப் பிரித்தால் பிழைப்பது அரிது. ஒரு கைப்பிடி அளவு, ஆறேழு கிளைப்புகள் வேரோடு சேர்ந்திருக்க வேண்டும். நடும்போது கழுத்துப்பகுதி மண்மட்டத்துக்குச் சரியாக வரட்டும். புதைத்தால் குருத்து அழுகும், தூக்கி நட்டால் வேர் காயும். எவர்கோல்டுக்கு நான் விடும் இடைவெளி 35 சென்டிமீட்டர். இரண்டாம் ஆண்டில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். அதுவரை இடையில் கிடக்கும் வெற்றிடத்தில் ஸ்னோடிராப் கிழங்குகளைப் புதைத்துவைத்தால், ஜனவரியில் மஞ்சள் கோடுகளுக்கு நடுவே வெள்ளை மணிகள் தொங்கும்.

எந்த இடத்துக்கு எந்தக் கோரை என்பதை அது எங்கிருந்து வந்தது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். எவர்கோல்ட், ஜப்பானைச் சேர்ந்த கேரெக்ஸ் ஓஷிமென்சிஸ் இனத்தின் வகை. அது மலைச்சரிவுகளிலும் மரநிழலிலும் வாழ்வது. அதனால்தான் என் வடக்குப் பாத்தியில் நிறைவாக இருக்கிறது. அரச தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத் தகுதி விருதும் இதற்கு உண்டு. இதே இனத்தில், இலை முழுவதும் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும் ‘எவரில்லோ’ என்பது அயர்லாந்தின் கில்கெனிப் பகுதியில் பாட் ஃபிட்ஸ்ஜெரால்டின் நாற்றுப்பண்ணையிலிருந்து வந்தது. இருண்ட மூலைக்கு விளக்கேற்றி வைத்ததுபோல இருக்கும், ஆனால் நண்பகல் வெயில் பட்டால் இலை வெளுத்துக் கருகும். மரத்தடியில் வறண்ட நிழல் என்றால் நான் எவர்கோல்டை விட்டுவிட்டு, இன்னொரு ஜப்பானிய இனமான கேரெக்ஸ் மோரோவியின் ‘ஐஸ் டான்ஸ்’ வகையைத்தான் பரிந்துரைப்பேன். அது மண்ணுக்கடியில் மெல்ல வேர்த்தண்டு ஓட்டிப் பரவுவதால் தரையை மூடிக் களையை அடக்கும். நியூசிலாந்துப் பழுப்புக் கோரைகளுக்கு, அதாவது கோமன்ஸ், புகானானி, ஆரஞ்சுச் சாயல் கொண்ட டெஸ்டேசியா ஆகியவற்றுக்கு, வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் டெஸ்டேசியாவின் ஆரஞ்சு மங்கி மந்தமான பச்சையாகிவிடும்.

மோரோவி என்னும் பெயரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1853–54இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி ஜப்பானுக்குச் சென்றபோது உடன்போன ஜேம்ஸ் மோரோ என்னும் வேளாண் வல்லுநரின் பெயர் அது. பெயரிட்டவர், பாஸ்டனில் பிறந்து லண்டனில் குடியேறிய மருத்துவர் பிரான்சிஸ் பூட். கேரெக்ஸ் பேரினம் முழுவதையும் படங்களோடு நான்கு பாகங்களில் வெளியிடுவதற்குத் தம் பிற்கால வாழ்வைச் செலவிட்டவர்; 1863இல் அவர் இறந்த பிறகு, கடைசிப் பாகம் 1867இல் வந்தது. இதே பூட்டின் கவர் தெரு வீட்டில்தான் 1846 டிசம்பர் 19 அன்று ஈதர் மயக்கம் கொடுத்து ஒரு பெண்ணின் பல் பிடுங்கப்பட்டது; இங்கிலாந்தில் ஈதர் மயக்க மருந்து பயன்பட்ட முதல் நிகழ்வுகளுள் அதுவும் ஒன்று. அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பல்லன்று, கோரைதான்.

எரு விஷயத்தில் கை இறுக்கமாக இருப்பதே நல்லது. தழைச்சத்து மிகுந்தால் இலை நீண்டு தளர்ந்து மண்ணில் படுத்துவிடும். நான் போடுவது இலைமட்கு மட்டும்: இலையுதிர்காலத்தில் வாரிய ஓக் இலைகளைச் சாக்கில் கட்டி இரண்டு ஆண்டு போட்டுவைத்தால் தேயிலைத்தூள்போலாகிவிடும், வசந்தத்தில் அதைத் தூர்களைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குப் பரப்புகிறேன். களிமண் இளகியதும், கோடையில் வெடிப்பது குறைந்ததும் இதனால்தான். ஈரம் வேண்டும், ஆனால் நீர் தேங்கக்கூடாது என்பதே இந்த ஜப்பானியக் கோரைகளின் கணக்கு.

அந்தக் கணக்கு பொய்த்த ஆண்டு 2022. ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் வெப்பம் 40.3 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இந்த நாட்டில் அதுவரை பதிவாகாத அளவு. ஆகஸ்டில் எங்கள் பகுதியில் தோட்டக் குழாய்க்கும் தடை வந்தது. அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் சேர்த்து, மாலையில் ஒவ்வொரு தூருக்கும் ஒரு செம்பு என்று அடியில் ஊற்றிக்கொண்டிருந்தோம். ஐஸ் டான்ஸ் அசையவே இல்லை. எவர்கோல்ட் நுனி கருகியது, ஆனால் ஒன்றுகூடச் சாகவில்லை. வாசல்பக்கத்து டெஸ்டேசியாக்களில் இரண்டு போய்விட்டன. அவை இயல்பிலேயே நீண்ட ஆயுள் கொண்டவையல்ல என்பதால் பெரிதாக வருந்தவில்லை. மறு ஆண்டு சரளைக்கல் இடுக்குகளில் அவற்றின் விதையிலிருந்து நான்கு குட்டிகள் தாமாகவே முளைத்திருந்தன.

தானாக முளைப்பது என்றதும் ஓர் எச்சரிக்கை. கேரெக்ஸ் பெண்டுலா என்னும் தொங்குகதிர்க் கோரை இந்த நாட்டுக் காடுகளிலேயே இயல்பாக வளர்வது. ஆளுயரத்துக்குத் தண்டு எழும்பி, நுனியில் கம்பளிப்பூச்சிபோலக் கதிர்கள் தொங்கும் அழகுக்கு மயங்கி ஒன்றே ஒன்றை வைத்தேன். மூன்றாம் ஆண்டில் நடைபாதைக் கல்லிடுக்கு, வேலியோரம், பக்கத்து வீட்டு ரோஜாப்பாத்தி எங்கும் அதன் பிள்ளைகள். வளர்ந்த தூரின் வேரைத் தோண்டி எடுக்க ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆயிற்று. பெரிய தோட்டமும் ஓடைக்கரையும் உள்ளவர்கள் வைக்கட்டும். வைத்தாலும் விதை முற்றுமுன் கதிரை அறுத்துவிடட்டும். நகர வீட்டுக் கொல்லைக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஓஷிமென்சிஸும் மோரோவியும் என் தோட்டத்தில் இப்படி ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை.

கோடு போட்ட வகைகளில் எப்போதாவது முழுப்பச்சையான கிளைப்பு ஒன்று தலைதூக்கும். பச்சைக்கு வலு அதிகம். விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் தூர் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். கண்டவுடன் அடியோடு பிடுங்கிவிட வேண்டும். தொட்டியில் வளர்ப்பவர்கள் கோடையில் நீரை மறக்கக்கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பிரித்து வேறு மண்ணில் வைப்பது நல்லது.

கடைசியாக, மூன்று ஆண்டுகளாக ஒரு பெரிய தொட்டியில் நான் வைத்திருக்கும் கேரெக்ஸ் பக்கான்ஸ். இமயமலையிலும் சீனாவிலும் மட்டுமன்றி, நம் நீலகிரி, பழனி மலைகளிலும் இலங்கையின் மலைநாட்டிலும் வளர்வது இது. இங்குள்ள விதைப்பட்டியலில் இதன் பெயரைப் பார்த்தபோது, தூரத்துச் சொந்தக்காரர் பெயரை அயலூர்ப் பத்திரிகையில் படித்தாற்போல இருந்தது. மற்ற கோரைகளின் கதிர் பழுப்பாக அடங்கியிருக்க, இதன் கதிர் மட்டும் பச்சையிலிருந்து மெல்லச் சிவந்து, அக்டோபரில் பவளமணி கோத்ததுபோலக் குலுங்கும். கடும்பனியை நம்பி இதை வெளியில் விட எனக்கு மனம் வருவதில்லை. நவம்பர் முதல் வாரத்தில் தொட்டியைக் கொட்டகைச் சன்னலோரம் இழுத்து வைத்துவிட்டு, மண் முழுக்கக் காயாத அளவுக்கு மட்டும் நீர் விடுகிறேன். போன அக்டோபரில் அதன் கதிர் ஒன்றைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது: “இதுக்கும் மூணு பட்டை உண்டுமால?” கொல்லைக்குப் போய்த் தண்டை உருட்டிப் பார்த்துவிட்டு, “உண்டும்மா” என்று எழுதினேன்.